எண்ணாமல் விட்ட பறவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை விஷயமாக மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. போன ஞாயிறு பிரிகாமாவிலிருந்து தென்கரைச் சாலை வழியே ஜஞ்சன்புரே வரை பறவை பார்த்துக்கொண்டே போனோம். காரைவிட்டு அதிகம் இறங்கவில்லை. மொத்தம் 71 வகை. மின்கம்பிகளில் உட்கார்ந்திருந்த அபிசீனியப் பனங்காடைகள் கொள்ளை அழகு. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? ஒரே எரிச்சல், எந்த ஊரில் நிறுத்தினாலும் அந்த அழுக்குக் கழுகுகள்தான். பத்து மணிக்கு மேல் அவற்றை எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

கே., பாஞ்சுல்

அன்புள்ள கே.,

காரிலிருந்து பார்ப்பது தப்பே இல்லை. ஆளைக் கண்டு பறக்கிற பறவை பெரும்பாலும் வண்டியைக் கண்டு பறப்பதில்லை. பனங்காடைக்கு வாலில் இரண்டு நீள இழைகள் இருக்கின்றன, அதை வைத்து ஏதாவது யோசிக்கலாம். பெயருக்கு இப்போது என்ன அவசரம்?

எண்ணுவதை விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில்.

2014 பிப்ரவரியில் நானும் அந்தச் சாலையில் போனேன். சஹாராவிலிருந்து வீசும் ஹர்மத்தான் காற்றில் வானமே புழுதி நிறத்தில் இருந்தது. சோமா என்ற ஊரைத் தாண்டி டயர் பஞ்சர். பக்கத்து வீட்டு மாமர நிழலில் ஒதுங்கினேன். முற்றத்தில் ஒரு அம்மாள் மீன் அரிந்துகொண்டிருந்தார். ஆறடி தூரத்தில் கோழிகளோடு கோழியாக இரண்டு பாறுகள், நீங்கள் கழுகு என்று எழுதிய அதே பிணந்தின்னிகள் (ஆங்கிலத்தில் Hooded Vulture). தலையின் பின்பக்கம் பழுப்புத் தூவி, முக்காடு போட்டதுபோல. அலகு கோணூசி மாதிரி மெலிசு. முள்ளிடுக்கில் ஒட்டியிருந்த சதையை அதனால் நெம்பி நெம்பி எடுத்தது ஒன்று. மற்றது பங்குக்கு வந்ததும் அதன் வெளுத்த முகம் மளமளவென்று சிவந்தது. சண்டை முடிந்ததும் நிறம் மெல்ல இறங்கியது. கோழிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டயர் மாற்றி முடித்து டிரைவர் கூப்பிட்டது எனக்குக் காதில் விழவில்லை.

அழுக்கு என்கிறீர்கள். அந்த முற்றத்தில் மீன்குடல் அழுகாமல் இருந்தது யாரால்?

நீங்கள் சலித்துக்கொண்ட அந்தப் பறவை 2015 முதல் அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் விஷத்துக்குப் பலியாகிறது, தலைக்காகவும் கொல்கிறார்கள். தலையை வைத்திருந்தால் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை. 2020இல் கினி-பிசாவில் விஷம் வைத்து 2,000க்கும் மேல் செத்தன, பலவற்றுக்குத் தலை இல்லை. கினி-பிசாவ் உங்களுக்கு எவ்வளவு தூரம்? நடுவில் செனகலின் காசமான்ஸ் மட்டும்தான்.

எங்கள் ஊர்ப் புறம்போக்கில் செத்த மாட்டைச் சுற்றி இருபது முப்பது பாறு உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கல்லெறிவோம். ஒருவனும் எண்ணவில்லை. எந்த வருஷம் வராமல் போயின என்று இன்றைக்கு ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியாது, எனக்கும் தெரியாது. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற பறவை ஆய்வாளர் 1980களில் பாறுகளை எண்ணி வைத்திருந்தார். 1990களின் பிற்பகுதியில் திரும்ப எண்ணியபோதுதான் சரிவு கண்ணில் பட்டது. மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்குளோஃபினாக் ஊசிதான், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுகளைக் கொன்றது என்று அப்புறம் தெரிந்து, 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அவர் எண்ணும்போது அவையும் சாதாரணப் பறவைகள்தான் ஐயா! கூரைக்குக் கூரை உட்கார்ந்திருக்கும் காலத்தில் எழுதி வைத்த எண்தான் பிறகு பேசும். அபூர்வப் பறவையை எண்ண ஆயிரம் பேர் வருவார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். புழுதியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து 71 வகை பார்த்த கண் உங்களுடையது, அதனால்தான் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன். அடுத்த ஞாயிறு தூரமாகப் போக வேண்டாம். பிரிகாமா சந்தையில் இறைச்சிக் கடைப் பக்கம் காலை ஒரு மணி நேரம் நில்லுங்கள். எத்தனை வந்தன, எத்தனை முகம் சிவந்தது, தேதியோடு எழுதி அனுப்புங்கள்.