மகளுக்கு ரோபாட்டிக்ஸ் கிளப் தலைமை: தடுக்கலாமா?

சேலத்தில் மூன்றாம் ஆண்டு இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்) படிக்கும் மகளை ரோபாட்டிக்ஸ் கிளப்புக்குத் தலைவியாக்கிவிட்டார்கள், இனி படிப்பு கெட்டது என்று பயப்படுகிறீர்கள். பயத்தில் பாதி நியாயம்தான். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் 75 சதவீத வருகை வேண்டும். போட்டி நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, வந்ததாகவே கணக்கு) கிடைத்தாலும், விட்டுப்போன லேப் வகுப்பு திரும்ப வராது. அரியர் நிலுவையில் இருந்தால் பல கம்பெனிகள் கேம்பஸ் தேர்விலேயே உட்கார விடுவதில்லை. அதனால் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: இன்டர்னல் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே கிளப் லேப்பின் சாவி வேறொருவர் கைக்குப் போய்விட வேண்டும். மற்றபடி தடுக்காதீர்கள்.

ரெஸ்யூமில் 'பிரசிடென்ட்' என்று எழுதினால் மட்டும் யாரும் வேலை தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். எது கெட்டுப்போனது, ஏன், எப்படிச் சரிசெய்தாய் என்றுதான் கேட்பார்கள். ஓர் உதாரணம், சக்கர ரோபோ ஒன்று. நான்கு 12 வோல்ட் கியர் மோட்டார், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ஒரு எல்298என் டிரைவர் போர்டு, மூளையாக ஒரு ஆர்டுயினோ போர்டு. மேசையில் தூக்கிப் பிடித்தால் சக்கரம் ஜோராகச் சுற்றும். தரையில் விட்டதும் ஆர்டுயினோ ரீசெட் ஆகும், அதாவது அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பிள்ளைகள் இரண்டு நாள் புரோகிராமைக் குடைவார்கள். கோளாறு அங்கே இல்லை. பளுவோடு புறப்படும் கணத்தில் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கிறது. பேட்டரி வோல்டேஜ் சரிய, கூடவே ஆர்டுயினோவுக்குப் போகும் 5 வோல்ட் லைனும் சரிகிறது. போதாததற்கு எல்298என் சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும், தானே 2 வோல்ட் போல விழுங்கியும்விடும். தீர்வு: பெரிய மோட்டாருக்கு அதிகக் கரண்ட் தாங்கும் பி.டி.எஸ்.7960 டிரைவர், ஆர்டுயினோவுக்குத் தனியாக பக் கன்வர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் சர்க்யூட்), கிரவுண்ட் (மைனஸ்) மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. இதைக் காரணத்தோடு சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு இன்டர்வியூவில் அதிகம் தடுமாற்றம் இருக்காது. தேதி, கோளாறு, காரணம், தீர்வு என்று கிளப்புக்கு ஒரு நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

தலைமை ஏற்ற முதல் ஆண்டிலேயே ரோபோகான் வேண்டாம். 2002 முதல் நடக்கும் அந்தப் போட்டியில் வருடா வருடம் ஆட்டமே மாறும். போன வருட ரோபோவை அப்படியே கொண்டுபோக முடியாது. பணம் கரையும். லைன் ஃபாலோயர் (தரையில் போட்ட கோட்டைப் பின்தொடரும் ரோபோ) பழகுவதற்குச் சரி (கோட்டை இன்ஃப்ராரெட் ஒளியால் பார்க்கும்; ஜன்னல் வெயிலிலும் இன்ஃப்ராரெட் உண்டு, சென்சார் ஏமாந்துவிடும், போட்டி நடக்கும் இடத்திலேயே அங்குள்ள வெளிச்சத்துக்கு ஏற்ப காலிபிரேட் செய்ய வேண்டும்), ஆனால் எல்லாக் கல்லூரியிலும் அதுதான் இருக்கிறது. சேலத்தில் இருந்துகொண்டு சேகோ (ஜவ்வரிசி) ஆலையை மறக்கலாமா? களத்தில் காயும் ஜவ்வரிசியைக் கிளறிவிடும் ஒரு சிறு வண்டி செய்யட்டும். ஈர மாவு சக்கரத்தில் ஒட்டும், வெயிலில் டிரைவர் சூடாகும், தூசி கியருக்குள் போகும். நான்கு மாதத்துக்கு வேலை இருக்கிறது. சேசிஸை (வண்டியின் சட்டத்தை) த்ரீடி பிரிண்டரில் போடாமல், அளவு போட்ட வரைபடத்தோடு ஊரில் உள்ள லேத் பட்டறைக்குப் போகச் சொல்லுங்கள். ஷாஃப்டும் அதை இணைக்கும் கப்ளிங்கும் பொருந்தாமல் ஒரு தடவை திரும்பி வந்தால், அரை மில்லிமீட்டர் என்றால் என்னவென்று தானாகப் புரியும்.

தலைவி எல்லா சால்டரிங்கையும் தானே செய்தால் அது தலைமை ஆகாது. 12 பேர் போதும்: மெக்கானிக்கல் 4, எலக்ட்ரானிக்ஸ் 4, புரோகிராம் 3, கணக்குக்கு ஒருவர். முதல் மூன்று பிரிவுகளிலும் ஏறக்குறைய பாதிப் பேர் ஜூனியர்கள். நான்கு மோட்டார் தேவையென்றால் ஆறு வாங்க வேண்டும். போட்டிக்கு முந்தின இரவு எந்தக் கடையும் திறந்திருக்காது. பொறுப்பை ஆறாம் செமஸ்டர் முடிவதற்குள் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும், ஏழாவதில் பிளேஸ்மென்ட் வந்துவிடும்.

இது உங்களுக்கு: அவள் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் கவனியுங்கள். 3 செல், 2200 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 2.2 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் வேண்டாம், எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் மட்டுமே. உப்பிய பேட்டரியைத் திரும்ப சார்ஜ் போடவே கூடாது. சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறாள் என்றால், எழுப்பிக் கழற்றச் சொல்லுங்கள்.