விளக்கை மாற்றுங்கள், டயரைப் பெரிதாக்க வேண்டாம்

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"ஐயா, நானும் மச்சானும் சேர்ந்து ஒரு செஸ்னா 172 எம் விமானம் வைத்திருக்கிறோம். 1975-இல் செய்தது, 14 வோல்ட். தூத்துக்குடியில் பக்கச்சுவர் இல்லாத கொட்டகையில் நிற்கிறது. மாதம் மூன்று நான்கு தடவை கடலோரமாக மண்டபம் பக்கம் வரை வந்து திரும்புவோம். இரண்டு வருஷத்தில் லேண்டிங் லைட் ஐந்து தடவை போய்விட்டது. மெயின் டயர் இரண்டும் வெளி ஓரத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்து, பக்கவாட்டில் வெடிப்பும் விட்டிருக்கிறது. எல்இடி போடலாமா? காருக்குப் போடும் எல்இடி போதும் என்கிறார் ஒரு நண்பர். டயரை 8.00-6 அளவுக்குப் பெரிதாக்கினால் பாதுகாப்பு என்கிறார் மச்சான். நல்ல விளக்கு இருந்தால் கொஞ்சம் இருட்டிய பிறகும் இறங்கலாமே என்பது அவருடைய எண்ணம். என்ன செய்யலாம்?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். எல்இடி போடுங்கள், விமானத்துக்கென்று அங்கீகாரம் பெற்றதையே போடுங்கள். டயர் அளவை மாற்ற வேண்டாம். அதில் மிச்சமாகும் பணத்தை பிரேக் டிஸ்க்கில் போடுங்கள். நீங்கள் டிஸ்க்கைப் பற்றிக் கேட்கவே இல்லை, ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த கவலை அதுதான்.

இருட்டு விஷயத்தை முதலில் முடித்துக்கொள்வோம். வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் விதிகளின்படி (VFR) பறக்கும் விமானம் சூரியன் மறைந்த பிறகு பறக்க நம் நாட்டில் அனுமதி இல்லை. விமான நிலையத்தைச் சுற்றி நடக்கும் உள்ளூர்ப் பறத்தலுக்கும் பறக்கும் கழகங்களின் பயிற்சிக்கும் கட்டுப்பாட்டு நிலையம் விலக்குக் கொடுத்தால் சரி, மற்றபடி முடியாது. மண்டபத்திலிருந்து திரும்பி வரும் பயணம் இதில் சேராது. எவ்வளவு நல்ல விளக்கு மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. மச்சானிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நிலா இல்லாத நாளில் மன்னார் வளைகுடாவின் மேல் வானம் எது, கடல் எது என்றே பிரிக்க முடியாது. தரையைக் காட்டும் விளக்கு அதற்கு உதவாது.

அப்படியானால் உங்களுக்கு லேண்டிங் லைட் எதற்கு? மற்றவர் கண்ணில் நீங்கள் படுவதற்கு. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது; அந்தப் பக்கம் ஹெலிகாப்டரும் ஆளில்லா விமானமும் வரும் போகும். கடலில் வெயில் மின்னும் நேரத்திலும், மழைக்கால மங்கலிலும், வெள்ளை நிறச் சின்ன விமானம் எதிரில் வருகிறவர் கண்ணுக்குக் கடைசி நிமிஷம் வரை தெரியாது. ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். அதனால் விளக்கு பகலிலும், பறக்கும் நேரம் முழுக்க எரிய வேண்டும். பழைய குமிழ் விளக்கால் அது முடியாது என்பதுதான் எல்இடிக்கு மாற உண்மையான காரணம்.

உங்களிடம் இருப்பது 4509 என்ற எண் கொண்ட, முழுதும் அடைத்த குமிழாக இருக்கும்: 100 வாட், 13 வோல்ட். அதற்குத் தயாரிப்பாளரே சொல்லும் ஆயுள் வெறும் 25 மணி நேரம். 13 வோல்ட் குமிழுக்கு 14 வோல்ட் கொடுத்தால் அது இன்னும் பாதிக்கும் கீழே போகும், ஏனென்றால் வோல்ட் கொஞ்சம் ஏறினாலே இழையின் ஆயுள் பல மடங்கு இறங்கும். இதோடு, 1971-இல் 172-இன் விளக்கை இறக்கையிலிருந்து மூக்குக்கு மாற்றினார்கள். உங்கள் விமானத்தில் அது எஞ்சின் மூடியின் முன்பக்கம், புரொப்பெல்லருக்குப் பின்னால் இருக்கிறது. எஞ்சினின் நடுக்கம் முழுவதையும் இழைதான் வாங்கிக்கொள்கிறது. ஐந்து தடவை போனதில் ஆச்சரியமே இல்லை.

ஆனாலும் புது விளக்கு வாங்கும் முன் வயரைப் பாருங்கள். சுற்றிலும் உப்பளம் இருக்கிற ஊரில், சுவர் இல்லாத கொட்டகையில் நிற்கிற விமானம் உங்களுடையது. விளக்கின் பின்பக்கம் இரண்டு திருகுகள், இரண்டு வயர் முனைகள். அவற்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செம்பில் பச்சைப் பொடி, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. நகத்தால் சுரண்டினால் உதிரும். பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கிறவர்கள் பேட்டரி முனையை மாதாமாதம் துடைத்து கிரீஸ் வைக்கிறார்கள் அல்லவா, அதே உப்புதான் இங்கேயும்.

கண்ணால் பார்த்தது போதாது, அளக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது அங்கே கை வைக்கவே கூடாது. எஞ்சின் நின்றிருக்கும்போதும் மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் கருவி) சாவி அணைந்து, கையில் எடுத்து வைத்திருக்க வேண்டும்; புரொப்பெல்லரைத் தொடக் கூடாது. விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை விளக்கின் நெகட்டிவ் திருகிலும் வையுங்கள். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் பூமி இணைப்பு, அதாவது நெகட்டிவ் பக்க இணைப்பு, அரித்துப்போய்விட்டது என்று பொருள். பாசிட்டிவ் பக்கமும் இதேபோல் அளக்கலாம்.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு பழைய 172-ஐ "விளக்கு மங்கல், குமிழை மாற்று" என்று எழுதி என்னிடம் அனுப்பினார்கள். குமிழ் புதிது. அளந்தால் பூமி இணைப்பில் மட்டும் 1.3 வோல்ட் காணாமல் போகிறது. பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் இழை விளக்கில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். வயர் முனையை வெட்டிவிட்டு, ஈயம் பூசிய புது முனை போட்டு, அடியில் இருந்த பெயின்ட்டைச் சுரண்டி இறுக்கினோம். அதே குமிழ் பளிச்சென்று எரிந்தது. எல்இடிக்கு மாறினாலும் இந்த வேலை வேண்டும். அரித்த முனை அப்படியே இருந்தால் எல்இடி விட்டு விட்டு மின்னும், நீங்கள் விளக்கின் மேல் பழி போடுவீர்கள்.

சரி, எந்த எல்இடி? கார் கடை எல்இடி வேண்டாம். அங்கீகாரம் இல்லாத பாகத்தைப் போட்டால் விமானத்தின் பறக்கும் தகுதியும் காப்பீடும் இரண்டுமே கேள்விக்குள்ளாகும். அது மட்டுமில்லை. எல்இடிக்குள் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி அனுப்பும் சிறு சுற்று ஒன்று இருக்கிறது. சரியாகத் தடுப்புப் போடாவிட்டால் அது ரேடியோவில் கரகரவென்று கேட்கும். தூத்துக்குடி விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வது அந்தக் கரகரப்பில் தவறிப்போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கீகரித்த விளக்கானாலும் பொருத்திய அன்றே ரேடியோவின் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் அமைப்பை) திறந்துவைத்து, நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு அலைவரிசையிலும் விளக்கைப் போட்டு அணைத்துக் கேட்டுப் பாருங்கள். திசைகாட்டி முள் அசைகிறதா என்றும் பாருங்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் லூமென் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். லூமென் மொத்த வெளிச்சம். ஒரு திசையில் எவ்வளவு குவிகிறது என்பதைச் சொல்வது கேண்டலா. தூரத்திலிருந்து நீங்கள் தெரிவதற்கும் ஓடுதளம் உங்களுக்குத் தெரிவதற்கும் கேண்டலாதான் கணக்கு. லேண்டிங் வகை, டாக்ஸி வகை என்று இரண்டு இருக்கும். டாக்ஸி விளக்கு, அதாவது தரையில் ஊர்ந்து போகும்போது உதவுவது, அகலமாகப் பரப்பும். ஒரே விளக்கு மாட்டுவதானால் லேண்டிங் வகையையே கேளுங்கள். விட்டம் உங்கள் பழைய குமிழ் அளவேதான், நாலரை அங்குலம். அதே வளையத்தில் உட்காரும். பழைய குமிழ் ஏழெட்டு ஆம்பியர் இழுத்தது, எல்இடி அதில் பாதிகூட இழுக்காது. எஞ்சின் கிளப்பியதிலிருந்து அணைக்கும் வரை எரியவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: எல்இடிக்குச் சூடு ஆகாது. சித்திரை வெயிலில் காற்றோட்டம் இல்லாமல் நிற்கும்போது வெகுநேரம் எரியவிட வேண்டாம்.

பறவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்கழி, தை மாதங்களில் தனுஷ்கோடிப் பக்கத்திலும் வாலிநோக்கத்திலும் பூநாரைகள் கூட்டமாக இறங்கும். விளக்கு எரிகிறது, விலகிவிடும் என்று நம்பித் தாழப் பறக்காதீர்கள். உயரத்தில் இருங்கள். அவற்றுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

அடுத்து டயர். உங்கள் மெயின் டயர் 6.00-6. அதை 8.00-6 ஆக்குவது கல்லும் மேடு பள்ளமுமான மண் தரையில் இறங்குகிறவர்களுக்காக ஏற்பட்டது. உங்களுக்கு இருப்பது தூத்துக்குடியின் மூன்று கிலோமீட்டருக்கும் நீளமான தார் ஓடுதளம். அங்கே பெரிய டயரால் ஒரு லாபமும் இல்லை, நஷ்டம் நிறைய. எடை கூடும், காற்றில் இழுவை கூடி வேகம் குறையும், சக்கர மூடிக்குள் நுழையாது. எல்லாவற்றையும் விட முக்கியம், பிரேக் பிடிப்பு குறையும். பிரேக் கொடுக்கும் முறுக்குவிசை அதேதான். சக்கரம் பெரிதானால் தரையில் கிடைக்கும் பிடி அந்த அளவுக்கு இறங்கும். பாதுகாப்புக்காக என்று மச்சான் சொல்கிறார், விளைவு எதிர்ப்பக்கமாகத்தான் இருக்கும்.

வெளி ஓரம் மட்டும் தேய்வது 172-இல் சாதாரணமாகப் பார்ப்பதுதான். மெயின் கால்கள் வில் போல வளைபவை. ஆள் ஏறாத விமானத்தில் சக்கரம் ஒரு கோணத்தில் நிற்கும், எடை ஏற ஏற நிமிரும். பாதி எடையில் அடிக்கடி இறங்கினால் தேய்மானம் ஓரத்திலேயே விழும். இதற்குச் செலவில்லாத வழி, பாதி தேய்ந்ததும் டயரைக் கழற்றி உள் பக்கத்தை வெளிப் பக்கமாகத் திருப்பி மாட்டுவது. ஆயுள் நன்றாகவே நீளும். உங்கள் டயருக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. பக்கவாட்டு வெடிப்பில் நூல் தெரிந்தாலும், ஏதாவது ஓர் இடத்தில் பள்ளக் கோடு அடியோடு தேய்ந்திருந்தாலும் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். அதே 6.00-6 வாங்குங்கள். நான்கு பிளைக்குப் (டயரின் வலுவைக் குறிக்கும் அளவு) பதில் ஆறு பிளை போடப் பாகப் பட்டியல் அனுமதித்தால் போடலாம். எடை கொஞ்சம் கூடும், ஆனால் முரட்டு இறக்கத்தைத் தாங்கும்.

புது டயரோடு புது டியூபும் வேண்டும். பழைய டியூப் ஏற்கெனவே விரிந்திருக்கும். புது டயருக்குள் மடிந்து உட்கார்ந்து, மடிப்பில் உரசி ஓட்டை விழும். காற்றை அதிகம் கசியவிடாத பியூட்டைல் டியூபுகள் விலை கூடுதல்தான், ஆனால் நான் உங்களுக்கு அதையே சொல்வேன், ஏனென்றால் வாரம் ஒருமுறை பறக்கிறவர் காற்றளவு பார்க்க மறப்பது சகஜம். டயரில் இருக்கும் சிவப்புப் புள்ளி எடை குறைந்த இடம். டியூபின் எடை மிகுந்த இடத்தில் கோடு போட்டிருப்பார்கள். இரண்டையும் நேராக வைத்து மாட்ட வேண்டும். கோடு இல்லாவிட்டால் வால்வுக்கு நேராக. நைட்ரஜன் தேவையா என்று கேட்பீர்கள். டியூப் போட்ட சின்ன விமானத்துக்கு ஈரமில்லாத காற்றே போதும்.

இது உயிர் விஷயம், அதனால் அழுத்திச் சொல்கிறேன். சக்கரம் இரண்டு பாதிகளைப் போல்ட்டால் சேர்த்தது. அந்தப் போல்ட்டைத் தொடும் முன் வால்வின் உள் ஊசியைக் கழற்றி, காற்று முழுவதும் வெளியேறியதைக் கையால் அழுத்திப் பார்த்தாக வேண்டும். காற்று இருக்கும்போது கழற்றினால் சக்கரம் இரண்டாகப் பிளந்து சீறும். இந்த வேலையை உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரிடம் விடுங்கள். தெருமுனைப் பஞ்சர் கடைக்குச் சக்கரத்தைக் கொண்டுபோகவே கூடாது.

இப்போது பிரேக் டிஸ்க். நான் தேவிபட்டினத்தில் இருக்கிறேன். வாசலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் டிஸ்க், கொண்டல் அடித்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் செம்மண் பூசியது போல இருக்கும். நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும், தினமும் ஓட்டுவதால் ஆபத்தில்லை. உங்கள் விமானமோ ஒரு வாரம் நிற்கிறது. துரு அங்கேயே உட்கார்ந்து குழி போட ஆரம்பிக்கும். குழி விழுந்த டிஸ்க் பிரேக் பேடை அரம் போலத் தின்னும், தானும் மெலியும். டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் அதன்மேலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். மாற்ற வேண்டி வந்தால் குரோம் பூசிய டிஸ்க் உங்கள் சக்கரத்துக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கடலோரத்துக்கு நான் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் பாகம் அதுதான். சக்கரம் கழன்றிருக்கும் போதே பேரிங்கையும் கழுவிப் புது கிரீஸ் அடைக்கச் சொல்லுங்கள். பழைய கிரீஸின் மேல் வேறு வகை கிரீஸைக் கலக்கக் கூடாது.

காகித வேலை சின்னதுதான், விடக் கூடாது. விளக்கோ டயரோ டிஸ்க்கோ, எது வாங்கினாலும் அதற்குரிய அங்கீகாரச் சான்றிதழ் கூடவே வர வேண்டும். எல்இடி என்பது மாற்றம். உங்கள் ரக விமானத்துக்கு அது செல்லும் என்ற ஒப்புதலை, நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ ஏற்கும் வகையில் பொறியாளர் காட்ட வேண்டும். வாங்கிய பிறகு காகிதம் தேடினால் வாங்கிய பாகம் பெட்டியோடு அலமாரியில்தான் இருக்கும். எனவே பாக எண்ணை முதலில் அவரிடம் காட்டி, சரி என்ற பிறகு பணம் கட்டுங்கள்.

எல்லாவற்றையும் அடுத்த வருடாந்தரப் பரிசோதனையோடு சேர்த்துச் செய்தால் கூலி மிச்சம். டயர் மட்டும் அதுவரை காத்திருக்காது. புது டயர் மாட்டிய அன்றே பறக்க வேண்டாம். டயருக்குள் இருக்கும் நைலான் முதல் நாளில் விரியும். காற்றளவு பத்து சதவீதம் வரை இறங்கும். 24 மணி நேரம் கழித்து, வெயில் ஏறும் முன் காலையில் அளந்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு ஏற்றுங்கள். மெயின் டயருக்கு அது 30 பி.எஸ்.ஐ.யை ஒட்டி இருக்கும். மதியம் சுடு தரையில் நிற்கும்போது அளந்து, கூடுதலாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். மூன்று டிகிரி சூட்டுக்கு ஒரு சதவீதம் ஏறுவது இயல்பு. அப்புறம் வாரம் ஒரு தடவை, பறக்காத வாரத்திலும், அளந்துவிட்டு, டயர் ஒரே இடத்தில் அழுந்தி நிற்காதபடி விமானத்தை ஓர் அடி முன்னே தள்ளி நிறுத்துங்கள்.