எலுமிச்சைக் காயில் சொறி: கார்பன்டசிம் ஏன் கேட்கவில்லை

கார்பன்டசிம்மை நிறுத்துங்கள், அது பூஞ்சைக்கான மருந்து. எலுமிச்சை மரத்துக்கு அதை 3 முறை அடித்தும் காயில் சொறி நிற்கவில்லை என்றால், இது பாக்டீரியா சொறி நோய் போலத்தான் இருக்கிறது.

இலையில் உள்ள ஒரு புள்ளியை விரலால் தடவிப் பாருங்கள். இலையின் இரண்டு பக்கமும் புடைத்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்து, வெளிச்சத்தில் பிடித்தால் சுற்றிலும் மஞ்சள் வளையம் தெரிந்தால் சொறிதான்.

மழையில்லாத நாளாகப் பார்த்து நோயுள்ள கிளைகளை வெட்டி எரித்துவிடுங்கள், ஒவ்வொரு மரத்துக்கும் கத்தரிக்கோலை பிளீச்சிங் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும் (இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்). அப்புறம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு (செம்பு கலந்த மருந்து) லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் கலந்து அடியுங்கள், துளிர் வரும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து இன்னொரு முறை.

துளிர் இலையில் வெள்ளிக்கோடு நெளிந்து ஓடுகிறதா? அது இலைத்துளைப்பான் புழு. அது போட்ட காயம் வழியாகத்தான் பாக்டீரியா சுலபமாக உள்ளே போகும், அதனால் அந்தச் சமயத்தில் வேப்ப எண்ணெயும் தேவை, ஆனால் காப்பரோடு கலக்காமல் தனியாக அடியுங்கள்.

ஏற்கெனவே வந்த வடு எந்த மருந்துக்கும் மறையாது, புதுத் துளிரையும் பிஞ்சையும் வைத்துத்தான் பலனைப் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் காப்பர் அடித்தால் துளிர் கருகும்.