ஐந்து வயது மகளுக்கு எடை குறைந்த சைக்கிளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் நீங்கள், ஐந்து வயது மகளுக்கு 16 அங்குலச் சைக்கிள் பொருந்துமா, விலை கூடுதலான அலுமினியச் சட்டகம் தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். சக்கர அளவைக் காட்டிலும் எடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அவ்வயதுக் குழந்தையின் எடை ஏறத்தாழ 17, 18 கிலோ இருக்கும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இரும்புச் சட்டகச் சைக்கிளோ பத்துக் கிலோவை நெருங்கும். தன் எடையில் பாதிக்கு மேல் கனக்கும் வண்டியைக் கிளப்பவும் திருப்பவும் நிறுத்தவும் குழந்தை திணறுவதில் வியப்பில்லை. ஆகவே ஆறு, ஏழு கிலோவுக்குள் அமையும் அலுமினிய வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும். ஆனால் விளம்பரத்தை மட்டும் நம்பாமல், கடையிலேயே தராசில் வைத்துப் பாருங்கள். தடித்த டயர், கேரியர், இந்த எடையுள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் அமுங்கவே அமுங்காத முன்பக்க ஷாக் அப்சார்பர் ஆகியவை, சட்டகத்தில் மிச்சமான எடையைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

16 அங்குலம் பொருந்துமா என்பதை வயதைவிடக் கால் நீளமே சொல்லும். குழந்தையைச் சுவரோரம் நிறுத்தித் தரையிலிருந்து கவட்டை வரை அளந்து, மிகத் தாழ்வாக இறக்கிய சீட்டின் உயரம் அந்த அளவைத் தாண்டாத வண்டியை வாங்குங்கள். வளர்ந்துவிடுவாள் என்று பெரியதாக எடுப்பது பள்ளிச் சீருடைக்குச் சரி, சைக்கிளுக்குச் சரியன்று.

விடுமுறையில் ஏற்காட்டுக்கும் கொண்டுசெல்வதாக எழுதியிருப்பதால், பிரேக் பிடியை அவளுடைய விரல்கள் எட்டி முழுமையாக இறுக்க முடிகிறதா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள். அங்குள்ள சரிவுகளில் பக்கச் சக்கரங்கள் வேகத்தைக் குறைக்க உதவமாட்டா.