பாசிச் சாறு ஆய்வுக்கு வங்கி கைவிரித்தது பற்றி

வணக்கம். ராமேசுவரம் அருகே மண்டபம் ஊரில் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியைக் காயவைத்து விற்கிறீர்கள், அதன் சாற்றில் பயிர் ஊக்கி தயாரிக்கும் சோதனைக்குக் கடன் கேட்டால் வங்கி சொத்துப் பிணை கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மேலாளர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. உலர்களம் கட்டினால் நாளை அதை ஏலம் விடலாம். ஆய்வில் போகும் பணம் பெரும்பாலும் சம்பளம்தான். தோற்றால் பிடித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. வட்டியோ உடனே ஓடத் தொடங்கிவிடும். அதனால்தான் பெரிய நிறுவனங்களே ஆய்வைப் பெரும்பாலும் சொந்த லாபத்தில் நடத்துகின்றன. நமக்கு அது கஷ்டம். 2013க்குப் பிறகு பாசி அழுகி விளைச்சல் சரிந்ததை நம் கரையில் யார் மறப்பார்கள்? அப்படியொரு வருடம் வந்தால் முதலில் நிற்பது ஆய்வு, அப்புறம் பழக்கிவைத்த ஆளும் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

கடனை உற்பத்திக்கு வைத்துக்கொண்டு, சோதனைக்கு மானியம் தேடுங்கள். உயிரித் தொழில்நுட்பத் தொழில்முனைவோருக்கு உதவும் மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் (BIRAC) 'பிக்' (BIG) மானியத் திட்டம் 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதைவிட முக்கியம்: மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆய்வு நிறுவனம் சாறெடுக்கும் முறைக்கு ஏற்கெனவே காப்புரிமை வைத்திருக்கிறது. அவர்கள் நிலையம் மண்டபத்திலேயே இருக்கிறது. உரிமம் பற்றி முதலில் அங்கே கேளுங்கள். பயிர் ஊக்கிகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன, பதிவுச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.