ஹேக்கன்: பழைய புரோகிரசிவ் ராக் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜெனசிஸ், யெஸ், கிங் கிரிம்சன், ஜென்டில் ஜயன்ட் ஆகிய புரோகிரசிவ் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்பு கொண்ட ராக்) குழுக்களின் எழுபதுகளின் இசையில் ஊறியவன் நான். லண்டனில் 2007இல் உருவான ஹேக்கன் என்னும் புரோகிரசிவ் மெட்டல் குழுவை அண்மையில் கேட்டு வியந்து பாராட்டியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: எங்கள் தலைமுறைக்கு, கனத்த கித்தார் ஒலி கொண்ட இன்றைய மெட்டல் இசை பெரும்பாலும் இரைச்சலாகவே படுகிறது. இந்தக் குழுவில் அப்படி என்ன கண்டீர்கள்?

பதில்: நாம் நேசித்த இசை எந்த முறையில் புனையப்பட்டதோ, அதே முறையைக் கண்டேன். 2013இல் வெளிவந்த 'தி மவுண்டன்' ஆல்பத்தில் 'காக்ரோச் கிங்' என்றொரு பாடல் உள்ளது. அதில் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்தி, ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று நுழைந்து, ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி மெட்டுடன் பின்னிக்கொள்கின்றன. ஜென்டில் ஜயன்ட் 1972இல் 'ஆக்டோபஸ்' ஆல்பத்தின் 'நாட்ஸ்' பாடலில் நிகழ்த்திக் காட்டிய குரல் பின்னலின் வழித்தோன்றல் இது என்பதைப் பழைய ரசிகர் எவரும் உடனே உணர்வார். ஆனால் ஹேக்கன் அதைக் காட்சிப்பொருளாக வைத்துவிட்டு நகர்ந்துவிடவில்லை. அந்த மெட்டுத் துணுக்குகளை மென்மையாகவும் கனமாகவும் மாற்றி மாற்றி வளர்த்து ஒரு முழுப் பாடலையே கட்டியெழுப்புகிறது. என்னை ஈர்த்தது இந்த வளர்த்தெடுப்புதான்.

கனமான ஒலி நம் மரபுக்கு அந்நியமானது என்ற எண்ணத்தையும் நான் ஏற்பதில்லை. கிங் கிரிம்சனின் 'ரெட்' 1974இலேயே வந்துவிட்டது. அதன் தலைப்பு இசையில் ராபர்ட் ஃப்ரிப்பின் கித்தார் எழுப்பும் இறுக்கத்தை நாம் ரசித்தோம் என்றால், ஹேக்கனின் கித்தார்களை அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: பாடகர் உறுமுவாரா? எனக்கு அது ஒவ்வாது.

பதில்: பாடகர் ராஸ் ஜென்னிங்ஸ் பெரும்பாலும் தெளிவான, உயரமான, இனிய குரலில் பாடுபவர். 2016இல் வந்த 'அஃபினிட்டி' ஆல்பத்தின் 'தி ஆர்க்கிடெக்ட்' பாடலில், நார்வே நாட்டு லெப்ரஸ் குழுவின் ஐனார் சூல்பெர்க் விருந்தினராக வந்து கடுங்குரலில் சிறிது பாடுகிறார். பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்தப் பாடலில் அது சிறு பகுதியே.

கேள்வி: இவர்கள் அமெரிக்கப் புரோகிரசிவ் மெட்டல் குழுவான ட்ரீம் தியேட்டரின் நகல் என்று சொல்கிறார்களே?

பதில்: முதல் இரண்டு ஆல்பங்களான 'அக்வேரியஸ்' (2010), 'விஷன்ஸ்' (2011) ஆகியவற்றை மட்டும் கேட்டவர்கள் அப்படிச் சொன்னால் அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. நீண்ட தனி வாசிப்புகளிலும் கீபோர்டும் கித்தாரும் ஒரே வேகத்தில் இணைந்து ஓடும் இடங்களிலும் அந்தச் சாயல் தெரிகிறது. 'தி மவுண்டன்' வந்தபோது அவர்கள் தங்கள் சொந்தக் குரலைக் கண்டடைந்துவிட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து. ட்ரீம் தியேட்டரை நிறுவியவர்களில் ஒருவரான டிரம் கலைஞர் மைக் போர்ட்னாய், அக்குழுவில் தாம் எழுதிய பாடல் தொடரை 2017இல் மேடையேற்றியபோது, தம்முடன் வாசிக்க ஹேக்கன் கலைஞர்களையே அழைத்துக்கொண்டார். இதனால் சிலர் இவர்களை வெறும் சீடர்களாகப் பார்க்கிறார்கள். கடினமான அந்த இசையை இவர்களிடம் நம்பி ஒப்படைத்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேள்வி: தாளத்தைப் பின்தொடர முடியவில்லை. எப்படி எண்ணுவது?

பதில்: நம் கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு காதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 'தகிட தகதிமி' என்ற ஏழின் ஓட்டம் இத்தகைய இசையில் அடிக்கடி வரும். குழப்பம் வேறோர் இடத்தில் நேர்கிறது: கித்தார் ஏழு எண்ணிக்கை கொண்ட தொடரை வாசிக்கும்போது டிரம்ஸ் நான்கு எண்ணிக்கையிலேயே நடந்தால், இரண்டும் இருபத்தெட்டாவது எண்ணிக்கை முடியும்போதுதான் மீண்டும் சேரும். ஆகவே கித்தாரை எண்ணாமல் டிரம்ஸின் நிலையான அடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சேரும் இடம் தானாகப் புலப்படும்.

கேள்வி: ஹேக்கனின் 'வெக்டர்', 'வைரஸ்' ஆல்பங்கள் இரண்டும் எனக்கு மிகக் கனமாக இருந்தன. கித்தார் ஏன் இவ்வளவு தாழ்வாக ஒலிக்கிறது?

பதில்: வழக்கமான ஆறு தந்திக் கித்தாரின் அடித்தந்தி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 82 முறை, அதிர்கிறது. ஏழு தந்திக் கித்தாரில் அது 62 அளவுக்கும், எட்டு தந்திக் கித்தாரில் 46 அளவுக்கும் இறங்குகிறது. பேஸ் கித்தாரின் அடித்தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான் என்பதால், இவர்கள் வாசிக்கும் இத்தகைய கித்தார்கள் பேஸின் எல்லைக்குள் நுழைந்துவிடுகின்றன. ஒலிக்கலவை கவனமாக இல்லாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். இவ்விரு ஆல்பங்களின் ஒலிக்கலவையைச் செய்தவர் பெரிஃபெரி குழுவில் முன்பு பேஸ் வாசித்த ஆடம் கெட்குட்; ஒவ்வொரு கருவியும் அவர் கையில் தனித்து நிற்கிறது. ஆயினும் டிரம்ஸின் ஒலி சற்று அதிகமாகச் செதுக்கப்பட்டுவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது; மூச்சு விட இடம் தரும் பழைய பதிவுகளின் வெதுவெதுப்பு இதில் குறைவு.

இருந்தும் இவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். 2018இல் வந்த 'வெக்டர்' ஒரு மருத்துவரையும் அவருடைய நோயாளியையும் சுற்றிய கதை. 2020இல் வந்த 'வைரஸ்' அதன் தொடர்ச்சி. பெருந்தொற்றுக் காலத்தில் வெளியானாலும் அப்பெயர் அதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டது. 'வைரஸ்' ஆல்பத்தில் ஐந்து பகுதிகளாக அமைந்த 'மெசையா காம்ப்ளெக்ஸ்' என்ற நீண்ட படைப்பில், ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய 'காக்ரோச் கிங்' பாடலின் மெட்டுகள் உருமாறித் திரும்பி வருகின்றன. ஆகவே அந்தப் பழைய பாடலை நன்கு பழகிக்கொண்ட பிறகே இதற்குள் நுழையுங்கள். முதல் முறை வெறும் கனமாகக் கேட்ட இடங்களில், பழகிய மெட்டு ஒன்று கித்தாரின் அடியில் நகர்வதைக் கண்டுகொள்வீர்கள். ஜெனசிஸ் 1972இல் 'சப்பர்ஸ் ரெடி'யில் தொடக்க மெட்டைக் கடைசியில் பேருருவில் மீட்டெடுத்தபோது நம்மை உலுக்கிய அதே உத்தியை, இவர்கள் இரண்டு ஆல்பங்களுக்கிடையே நீட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: எந்த வரிசையில் கேட்பது?

பதில்: 'தி மவுண்டன்', பிறகு 'அஃபினிட்டி', அதன் பின் 'வெக்டர்', 'வைரஸ்'. ஒவ்வொரு பாடலையும் ஒரு விலங்கோடு தொடர்புபடுத்தும் 2023ஆம் ஆண்டின் 'ஃபானா'வை இவற்றுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவர்களைத் தாண்டி வேறு எந்தக் கனமான குழுவைப் பரிந்துரைப்பீர்கள்?

பதில்: அமெரிக்காவின் அட்லாண்டா நகரைச் சேர்ந்த மாஸ்டடான் குழுவின் 'கிராக் தி ஸ்கை' (2009). டிரம் கலைஞர் பிரான் டெய்லர் சிறு வயதில் இழந்த தம் தங்கையின் பெயரைத் தாங்கிய ஆல்பம் அது. குரல்கள் ஹேக்கனைவிடக் கரடுமுரடானவை. அதில் நான்கு பகுதிகள் கொண்ட 'தி சார்' பாடலிலிருந்து தொடங்குங்கள்.