பாக்கி வைத்தவர் வழக்குப் போடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். நடுவில் வேலை போனதால் ஆஸ்பத்திரி பில் ஒன்றைக் கட்ட முடியவில்லை. அது இப்போது ஒரு வசூல் ஏஜென்சியிடம் போய்விட்டது. காலை ஏழு மணிக்கே போன் வருகிறது. என் அத்தானையும் கூப்பிட்டு, ‘உங்கள் மச்சினன் கடனைக் கட்டாவிட்டால் கைதாவார்’ என்று சொல்லியிருக்கிறார்கள். பணம் தர வேண்டியவன் நான். அவர்கள்மேல் வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ‘பணம் தர வேண்டியவன் நான்’ என்ற வரியைப் படித்ததும் மனசு கனத்துப்போனது. நீங்கள் தர வேண்டியது பணம்தான், மானத்தை அல்ல.

ஏஜென்சிகளின் அத்துமீறலைத் தடுக்க அங்கே 1977-லேயே ‘நியாயமான கடன் வசூல் நடைமுறைச் சட்டம்’ வந்துவிட்டது. நேரங்கெட்ட நேரத்தில், அதாவது காலை 8 மணிக்கு முன்போ இரவு 9 மணிக்குப் பிறகோ, கூப்பிடக் கூடாது. உங்கள் முகவரி தெரியாவிட்டால் அத்தானிடம் அதைக் கேட்கலாம். கடனைப் பற்றி மூச்சு விடக் கூடாது. கைது என்று பொய்யாக மிரட்டுவதும் தவறு. ஆக, உங்கள் சின்னக் கடிதத்திலேயே மூன்று மீறல்கள் இருக்கின்றன.

அத்தானை இன்றைக்கே உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள்: எந்த நம்பர், எந்தத் தேதி, எத்தனை மணி, என்னென்ன வார்த்தைகள். ஒரு வாரம் போனால் ‘ஏதோ போலீஸ் என்றார்கள்’ என்பதுதான் நினைவில் மிஞ்சும். வாய்ஸ்மெயிலை அழிக்காதீர்கள். ஏழு மணி அழைப்பு தெரியும்படி போன் திரையைப் படம் பிடித்து வையுங்கள். பேச்சைப் பதிவு செய்ய மட்டும் அவசரப்படாதீர்கள். சில மாநிலங்களில் இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும்.

கடன் விவரக் கடிதம் வந்திருந்தால் 30 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள். உரிய ஆதாரம் அனுப்பும்வரை அவர்கள் வசூலை நிறுத்தியாக வேண்டும்.

வழக்குக்குக் கெடு ஒரே வருடம். மீறல் நடந்த நாளிலிருந்தே அது ஓடும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதனால்தான் தேதி தேதி என்று அடித்துக்கொள்கிறேன். ஜெயித்தால் உண்மையான நஷ்டத்துக்கு ஈடு கிடைக்கும். அதோடு 1,000 டாலர் வரை நீதிமன்றம் தரலாம். இது மொத்த வழக்குக்கு, ஒவ்வொரு அழைப்புக்கும் அல்ல. வக்கீல் செலவும் அவர்கள் தலையில் விழும் என்பதால், முன்பணம் வாங்காமலே இந்த வழக்குகளை எடுக்கும் நுகர்வோர் வக்கீல்கள் உண்டு.

ஜெயித்தாலும் பில் அப்படியேதான் இருக்கும். அதற்காக அவர்கள் உங்கள்மேல் வழக்குப் போட்டு சம்மன் வந்தால், பயந்து மேஜைக்குள் போட்டு வைக்காதீர்கள். நீங்கள் பதில் தராவிட்டால் தீர்ப்பு அவர்கள் பக்கம் போகும், சம்பளத்தில்கூடக் கை வைக்கலாம். வந்த அன்றே வக்கீலிடம் எடுத்துப் போங்கள்.